அக்கா சாய்ந்திருந்த புல்மூட்டை

இந்த நினைவு மலரில் எனக்கு முன்னால் எழுதியிருப்பவர்கள் அக்காவின் ஜெப வாழ்க்கை, விருந்தோம்பல், பொறுமை எல்லாவற்றைப் பற்றியும் நிறைவாக எழுதியிருக்கிறார்கள். எதுவும் பொய்யில்லை. பொறுமை மட்டும் கொஞ்சம் தாராளம். எல்லோரும் எழுதி முடித்தபின் எனக்கு மிச்சம் இருந்தது புல் மட்டும்தான். அக்காவின் மகள் ஸ்டெல்லா, "மாமா, அம்மாவோட புல்லைப் பத்தி நீங்கதான் எழுதோணும். ஆனா விளையாட்டா எழுதிப்போடாதீங்க, போதகர் ஐயா படிப்பாரு" என்றாள். நான் விளையாட்டாக எழுதுபவன் அல்ல. பயத்தில் எழுதுபவன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா பிறந்தது மலைக்குக் கீழே, அடிவாரத்தில். அப்பா எஸ்டேட் லாரியில் லோடு ஏற்றுபவர். நான் பிறந்த கொஞ்ச நாளில் அம்மா கண்மூடினார். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டார். நடக்கத் தெரிந்த பிறகும் நாய், இடி, பஸ் ஹாரன், கோயில் கொட்டு, பலூன் ஆகியவற்றைக் கண்டால் நான் ஓடிவந்து அந்த இடுப்பில் ஏறிவிடுவேனாம். "உன்ன எறக்கி உடறதுக்குள்ள எனக்குக் கல்யாண வயசே வந்துபோச்சு" என்பார் அக்கா.

மலைமேல் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த மாமாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவோடு சீர்வரிசையாக நானும் மலையேறினேன். மாமா நல்ல மனிதர். அதிக நாள் இருக்கவில்லை. கைக்குழந்தையாக ஸ்டெல்லா, அரைக்கால் சட்டையில் நான். எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு அக்கா ஒரு மிஷன் பள்ளி விடுதியில் மேட்ரன் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அங்கேதான் புல்லும் வந்து சேர்ந்தது.

அந்தப் பள்ளிக்குப் பெரிய மைதானம். மழைக்காலத்தில் புல் தள்ளிக்கொண்டு வளரும். மெஷின் வைத்து வெட்டி, வெட்டியதையெல்லாம் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. கேட்டு வாங்கி, வேலை முடிந்து வரும்போது சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். கீழே ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒருமுறை, "ஏனுங்க மேட்ரனம்மா, நீங்க போய் புல்லுமூட்ட தூக்கலாமுங்களா?" என்று கேட்டார். "நான் தூக்கறது உங்களுக்குக் கண்ணு உறுத்துனா நீங்க தூக்கிக் குடுங்க பாய்" என்றார் அக்கா. அன்று பாய் தூக்கிக்கொடுத்தார். அதன்பிறகு அக்கா வரும் நேரம் பார்த்துக் கடைக்குள் குனிந்து எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

மாரமங்கலம் போகிற வழியில், சரிவில் இருக்கும் எங்கள் வீடு உங்களில் பலருக்குத் தெரியும். கொஞ்சம் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், ஒரு சௌசௌ பந்தல். இத்தனையும் வாழ்ந்தது அந்தப் புல்லில்தான் என்றால் நம்பமாட்டீர்கள். காப்பிச் செடியின் அடியில் புல்லைப் பரப்புவார். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான். "கழுத்து வரைக்கும் போர்த்துனா செடிக்கு வேர்க்கும், அழுகிப்போயிரும்" என்பார். ஒரேயடியாகக் கொட்டினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நாறும் என்பதால் மெல்லிசாகத் தூவி, அது வாடியபின் அதன்மேல் இன்னொரு தூவல். கோழிக்கூட்டுத் தரைக்குக் காய்ந்த புல். பட்டர் ஃப்ரூட் பழுக்க அரிசி மூட்டைக்குள் வைப்பது ஊர் வழக்கம். அக்கா காய்ந்த புல்லுக்குள் வைப்பார். கோயம்புத்தூரில் இருக்கும் ஸ்டெல்லாவுக்கு நாட்டுக்கோழி முட்டை பஸ்ஸில் போவதும் புல்லுக்குள்தான். ஒன்றுகூட உடைந்து போனதில்லை. அனுப்பும்போது நான்தான் உடைந்துபோவேன், டிரைவர் பிரேக் போடுவாரோ என்று.

மாட்டுக்கு மட்டும் மெஷின் புல்லைக் கொடுக்கமாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கேட்டபோது, "மூட்டையில கெடந்து சூடேறுன புல்லுங்க. வயிறு ஊதிப்போயிரும். மாட்டுக்குன்னா அருவாள்ல அறுத்துப் போடுங்க" என்று திருப்பி அனுப்பினார். ரோஜாவுக்கும் சௌசௌவுக்கும் புல்லை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இன்னும் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுவார். ஊறும் நாட்களில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவதில்லை. விருந்தோம்பலைப் பற்றி எழுதியவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

நான் ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களைப் போட்டோ பிடித்துப் பிழைப்பவன். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் ஆனபின் வீட்டில் அக்காவும் நானும்தான். நல்ல பனிக்காலம், ஒரு காலை. கதவைத் திறக்கிறேன், விறகுக் கொட்டகை ஓரத்திலிருந்து புகை எழும்புகிறது. எனக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை. "ஊடு எரியுது! ஊடு எரியுது!" என்று கத்திக்கொண்டே டிரம்மில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரை முழுக்க அள்ளி ஊற்றினேன். காதர் பாய் ஒரு வாளியோடு மேடேறி ஓடி வந்தார். அக்கா தோளில் துண்டோடு, சோப்பு டப்பாவோடு வந்து நின்றார். புகைந்துகொண்டிருந்த புல்குவியலுக்குள் கையைவிட்டு ஒரு குடத்தை உருவி எடுத்தார்.

"புகையில்ல சாமி, ஆவி. குளிக்கறதுக்குப் புல்லுக்குள்ள தண்ணி வெச்சிருந்தேன். அதையும் ஆத்திப்புட்ட."

பச்சைப் புல்லைக் காய்ந்த இலையோடு கலந்து குவித்தால் உள்ளே அப்படிச் சூடேறும். அக்கா அதை வெந்நீர் அடுப்பாக வைத்திருந்தார். பாய் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கரடியூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அன்று நான் வீட்டுக்காகக் கத்தவில்லை. உள்ளே அக்கா இருக்கிறாரே என்றுதான் கத்தினேன். என் பயம் எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் வந்தது, அக்கா ஓய்வு பெற்றபின். இருதயம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். ஸ்டெல்லா பஞ்சுத் தலையணைகள் வாங்கி அனுப்பினாள். "நான் சாஞ்சா இதுவும் கூடச் சாயுது" என்று அக்கா அவற்றை ஓரங்கட்டினார். வெயிலில் காயவைத்த புல்லைச் சாக்கில் திணித்து, வாயைத் தைத்து, மேலே பழைய புடவையைச் சுற்றினார். மூட்டை கல்போல நின்றது. அக்கா அதில் சாய்ந்து தூங்கினார். பக்கத்து அறையில் நான் அவர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் இருந்தேன். சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

அடைமழை விடாமல் பெய்த ஐப்பசியில் ஒரு காலை, அக்காவின் உதடு நீலமாக இருந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே சேலத்துக்குக் கொண்டு போங்க. எந்தக் காரணத்துக்கும் படுக்கவைக்காதீங்க. நிமிர்ந்தே இருக்கணும்" என்றார். ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறிவர நேரமாகும். வந்தாலும் எங்கள் மண்பாதையில் ஏறாது. பாயின் கடைக்கு எதிரில் ஜீப் வைத்திருக்கும் மாதேஷை வரச்சொன்னேன்.

கிளம்பும்போது என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, பட்டர் ஃப்ரூட் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். ஜீப்பின் பின்சீட்டில் அக்காவைக் காலை நீட்டி உட்காரவைத்து, முதுகுக்குப் புல்மூட்டையைக் கொடுத்திருந்தோம்.

வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதை முதலில் இறங்கி, பிறகு ஒரு மேடு ஏறும். அந்த மேட்டில் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மாதேஷ் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் செம்மண் பறந்தது, ஜீப் அசையவில்லை. இடதுபக்கம் வேலி, வலதுபக்கம் பள்ளம்.

"அண்ணா, சக்கரத்துக்கு அடியில எதாச்சும் போடுங்ணா!"

வேலியோரம் முந்தின நாள் விடுதிப் பிள்ளைகள் கொண்டுவந்து போட்டிருந்த மைதானத்துப் புல் குவியலாகக் கிடந்தது. ஆண்டவரே அனுப்பினார் என்று நினைத்தேன். அள்ளி அள்ளி இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் திணித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. "அடி மாதேசு!" என்றேன். அடித்தான். ஜீப் முன்னால் போகவில்லை. பின்பக்கம் அப்படியே நழுவிப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே அக்கா. சைக்கிளில் போகும் ஒருவன் மெதுவாகத் திரும்புவதுபோல, அவசரமே இல்லாமல் அது போனது. ஓரத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது.

நான் போட்ட சத்தத்தில் மாதேஷ் ஹாரனை அழுத்திவிட்டான்.

"கத்தாதீங்ணா! எனக்கும் பயமாவுது!"

"எனக்கு மட்டும் என்ன இல்லாமலா இருக்குது!"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, மூச்சுக்கு ஒரு சொல்லாக. "பச்சப் புல்லு... சோப்பு... மாதிரி. வழுக்கும்... சாமி. காஞ்சது... போடு."

"காஞ்சதுக்கு எங்கக்கா போவேன்? ஊரே நனைஞ்சு கெடக்குதுங்களே!"

அக்கா தலையை மட்டும் லேசாகப் பின்னால் சாய்த்து, மூட்டையின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காததுபோல நின்றேன். நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த ஒரு மூட்டைதான். அதை எடுத்தால் சரிவார். எடுக்காவிட்டால் இந்தச் சேற்றிலேயே மூச்சு நின்றுவிடும். இரண்டில் எது குறைந்த பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மழை என் வாய்க்குள் பெய்துகொண்டிருந்தது. அதை மூடக்கூடத் தோன்றவில்லை.

"அண்ணா, நேரமாவுது."

"எடுறா," என்றார் அக்கா. எப்போதும் கூப்பிடும் சாமியும் இல்லை, கண்ணும் இல்லை.

மாதேஷ் இறங்கிவந்து அக்காவின் தோளைத் தாங்கிக்கொண்டான். நான் மூட்டையை உருவி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். நான் போட்டிருந்த பச்சைப் புல்லை முழங்காலிட்டு இரண்டு கையாலும் வழித்து எறிந்துவிட்டு, காய்ந்ததைக் கெட்டியாகத் திணித்தேன். சாக்கையும் புடவையையும் அதன்மேல் விரித்தேன். பிறகு ஓடிப்போய் ஜீப்புக்குள் ஏறி, மூட்டை இருந்த இடத்தில் நான் உட்கார்ந்து, அக்காவின் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். மாதேஷ் மெதுவாக அழுத்தினான். சக்கரம் ஒருமுறை சுற்றியது, கடித்தது, ஏறியது. ரோட்டுக்கு வந்ததும் மாதேஷ் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான்.

மலைப்பாதையில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு ஒருபக்கம் ஒதுங்கும். அக்கா ஒதுங்காமல் இருக்க நான் இரண்டு காலையும் எதிர்சீட்டில் ஊன்றிக்கொண்டேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. தலையின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே வழி. வாயைத் திறந்தேன். ஏரிக்கரையில் குரங்கு பிடுங்கிக்கொண்டு போன தேன்நிலவு ஜோடியின் கண்ணாடிக் கதை, பாய் கடைக்குள் ஒளிந்த கதை, நான் போட்டோவில் தலையை வெட்டிவிட்ட பஞ்சாயத்துத் தலைவரின் கதை. ஒவ்வொரு கதை முடிவிலும் அக்கா "ம்" என்பார், அல்லது தோள் லேசாகக் குலுங்கும். அப்போது எனக்கும் ஒரு மூச்சு கிடைக்கும். அடுத்த வளைவுக்கு அடுத்த கதை.

ஒரு வளைவில் எதிரே லாரி ஏறிவந்து, மாதேஷ் ஒதுங்கி நின்றான். நான் ஒரு கதையை முடித்திருந்தேன். "ம்" வரவில்லை.

"அக்கா?"

மழைச் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, மாமா உங்களப் பொண்ணு பாக்க வந்தப்போ நான் அவர் செருப்பத் தூக்கிக் கெணத்துல போட்டனே..."

ஒன்றுமில்லை. மாதேஷ் கண்ணாடியில் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அக்காவின் தலைக்குமேல் முகவாயை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஒரு வார்த்தையும் வராமல் இருந்தேன். சிரிப்புக் காட்டுபவனிடம் சரக்குத் தீர்ந்துபோன நிமிடம் அது.

அப்போது அக்கா சொன்னார்: "உன்ற நெஞ்சு... தமுக்கு மாதிரி... அடிக்குது. காது... நொம்ப வலிக்குது. கொஞ்சம்... நிறுத்து."

"நிறுத்துனா நான் செத்துப்போயிருவேனுங்கக்கா."

"சாவு... இன்னைக்கு... யாருக்கும்... வேண்டாம்."

மாதேஷ் முன்னால் பார்த்துக்கொண்டே சிரித்தான். கண்ணைத் துடைத்தபடிதான் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரும் சக்கர நாற்காலியும் வந்தன. பல்லில் சாக்குநூல், தலையில் வைக்கோல்போல் புல், முழங்கால் வரை சேறு, உள்வெளியாகச் சட்டை, கையில் பட்டர் ஃப்ரூட் பை. நர்ஸம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "பேஷண்ட் யாருங்க?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் என்னைத்தான் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு டாக்டர் வந்து, வழி முழுக்க நிமிர்த்தியே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார். என் முதுகெலும்பு இன்றுவரை அந்தச் சான்றிதழில்தான் நிமிர்ந்து நிற்கிறது.

அக்கா பிழைத்துத் திரும்பி வந்தார். தை வெயிலில் புல் காயவைத்துப் புது மூட்டை தைத்தார். அந்த ஆண்டுக் காப்பிப் பூவைப் பார்த்தார். ஸ்டெல்லாவின் சின்னக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனதைப் பார்த்தார். அடுத்த மழையையும் தாண்டினார். நான் தினமும் பயந்தேன். ஏரிக்கரையிலிருந்து காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். "மூச்சு இருக்குதுடா, வெய்யி" என்று அக்கா எடுத்ததும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

ஒரே ஒரு நாள் நான் போன் செய்யவில்லை. நல்ல வெயில். அக்கா காலையில் தெம்பாக இருந்தார், இரண்டு தோசை சாப்பிட்டார், என் சட்டைப் பித்தான் சரியில்லை என்று திட்டினார். ஏரியில் கூட்டம். எனக்குள் பயம் இல்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. மதியத்துக்குமேல் காதர் பாய் கரையோரமாக நடந்து வந்தார். கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தார். என் கையிலிருந்த கேமராவை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் புல்லைக் கிளறிவிட்டு வந்து, மூட்டையில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே இருந்தார் அக்கா. முகத்தில் திணறல் எதுவும் இல்லை.

பயந்த நாளெல்லாம் அக்கா இருந்தார். பயப்படாத ஒரு நாளில் போய்விட்டார். என் பயம்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது என்று போதகர் ஐயாவிடம் சொன்னேன். "தம்பி, பிடித்து வைத்திருந்தது ஆண்டவர்" என்றார். இருக்கலாம். நானும் ஒரு கை கொடுத்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

சேற்றில் எங்களை விட்டுப் போகாத மாதேஷுக்கும், மரத்தில் முட்டிய ஜீப்பின் நசுங்கலை இன்றுவரை எடுக்காமல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கும் அவன் பெருந்தன்மைக்கும் நன்றி. தன் வீட்டு இழப்பாகவே எண்ணிக் கூடநின்ற காதர் பாய் குடும்பத்துக்கும், டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், விடுதிப் பிள்ளைகளுக்கும், சபையாருக்கும், தூரதேசத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இன்று ஆராதனையும் சாப்பாடும் முடிந்து நீங்கள் கிளம்பும்போது பனி இறங்கியிருக்கும். பாதை வழுக்கும். வண்டி ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுங்கள், ஆனால் அதிகம் சிரிக்கவைக்காதீர்கள். வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். அடிவாரம் போய்ச் சேர்ந்ததும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எனக்கு ஒரு போன் போடுங்கள். எல்லோரும். கடைசி வண்டியும் சேர்ந்ததென்று தெரியும்வரை நான் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன்.